சில்லு

நான் கணக்கெழுதுகிறவள்.
எஸ்போவில், ஓட்டானியேமியில்,
ஒரு பழைய காகித ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில்
வாரம் இரண்டு நாள்.
ஐந்து பேர் சம்பளம், ஹீலியம் பில், காப்பித்தூள்.
காப்பித்தூள் பாக்கி மட்டும்
தவணை தவறியதில்லை.

காப்பீட்டுப் படிவத்தில்
அந்த இயந்திரத்துக்கு ஒரு வகை குறிக்க வேண்டியிருந்தது.
தேடித் தேடிப் பார்த்துவிட்டு
‘குளிர்சாதனப் பெட்டி, அலுவலகப் பயன்பாடு’
என்று போட்டேன்.
ஓஸ்மோ ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.
பிறகு அவனே அதன்மேல்
தக்காளி வடிவக் காந்தம் ஒன்றை ஒட்டினான்.
ஹில்க்கா பிடுங்கி எறிந்தாள்.
காந்தம் ஆகாதாம் அதற்கு.

உள்ளே
தலைகீழாய்த் தொங்கும் தங்க முலாம் தட்டுகள்.
இறங்க இறங்கக் குளிர்.
இனிமேல் குளிரே கிடையாது என்கிற இடத்துக்கு
ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு மேலே
க்யூபிட் இருக்கிறதாம்.
நான் பார்த்ததில்லை.
பார்த்தால் கெட்டுப்போகுமாம்.

அதோடு பேச வெளியிலிருந்து கம்பி இழுத்தால்
கம்பி வெறுங்கையோடு வருவதில்லை,
விருந்தாளிபோலக் கொஞ்சம் சூடு வாங்கிக்கொண்டு வரும்.
ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம்.
ஆயிரம் பேர் வந்து நின்றால்?
பேசுகிறவனையே உள்ளே குடிவைத்துவிடுவோம் என்பது
இவர்கள் யோசனை.
நகத்தளவு சில்லு.
சில்லென்ற இடத்தில் உறையாமல் உழைக்க வேண்டும்;
பேசும்போது வாய் பொத்திக்கொள்ள வேண்டும்,
மூச்சின் வெக்கை
எதிரில் இருப்பதன்மேல் படாமல்.

‘அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?’
‘பத்து மைக்ரோவாட்.’
‘மொத்தமாகவா, மாதத்துக்கா?’
சிரித்தார்கள்.
ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது.
தட்டு உறிஞ்சுவது வரவு,
சில்லு சுடுவது செலவு,
மிஞ்சினால் திவால்.
குவாண்டம் தெரியும் என்று
அன்றிலிருந்து வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

ஜனவரிக் கடைசியில்
மார்ச் பதினொன்று வரைக்கும் பணம் இருந்தது.
வெள்ளிக்கிழமை ஸ்டாக்ஹோமிலிருந்து
முதலீட்டாளர் வருகிறார்.
இரண்டு நாளாய்க் குளிர்ந்துகொண்டிருந்த இயந்திரம்
இருபத்தெட்டு மில்லிகெல்வினில் நின்று
இறங்க மறுத்தது.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
வண்டி நிறுத்தத்தில் கார்கள்
மின்வடத்தில் கட்டுண்டு எஞ்சினுக்குச் சூடு காத்தன.
இயந்திரத்தின் கணக்கில் அதுவும் எரிமலைதான்.

எல்லோரும் சில்லைத் திட்டினார்கள்.
ஆர்ட்டு மூன்று இரவு வரைபடத்தில் பிழை தேடினான்.
சில்லை அணைத்துப் பார்த்தார்கள்.
இருபத்தெட்டு.

வியாழன் இரவு, ரொட்டியை மென்றுகொண்டே,
ஹில்க்கா கேட்டாள்:
‘வெப்பமானியை எப்படிப் படிக்கிறாய்?’
‘நொடிக்கு ஒருமுறை’ என்றான் ஆர்ட்டு.
‘தெளிவாகத் தெரியட்டும் என்று மின்னோட்டத்தைக் கூட்டினேன்.’

குளிர்கிறதா, குளிர்கிறதா என்று
ஓயாமல் கேட்டிருக்கிறான்.
கேள்வியே சூடு.
தட்டு எப்போதோ குளிர்ந்துவிட்டது;
பதில் சொல்லிச் சொல்லி
வெப்பமானிதான் வெந்துகொண்டிருந்தது.

(அந்த மாதம் நானும்
வங்கிக் கணக்கை நாளுக்கு இருபது முறை திறந்தேன்.
பார்த்ததால் குறையவில்லை,
இருந்தாலும்.)

பிடுங்கிவிட்டாள்.
திரையில் எண் இருந்த இடம் வெறுமையானது.
எவ்வளவு குளிர் என்று தெரியாமல்
ஐந்து பேரும் நானும் உட்கார்ந்திருந்தோம்.
ஒருவருக்கும் குளிர் விட்டிருக்கவில்லை.

நாலரை மணிக்குச் சில்லுக்கு உயிர் கொடுத்தார்கள்.
ஒரு கோடு
ஏறியது, இறங்கியது, ஏறியது,
இறங்கி
மெல்லத் தேய்ந்து மறைந்தது.
க்யூபிட் பேசினால் அப்படித்தான் இருக்குமாம்.
ஓஸ்மோ காப்பி போடப் போனான்,
தண்ணீர் ஊற்ற மறந்து.

வெள்ளிக்கிழமை
கையுறையைக் கழற்றாமலே அவர் கேட்டார்:
‘இப்போது என்ன வெப்பநிலை?’
‘தெரியாது’ என்றாள் ஹில்க்கா.
அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

இன்றுவரை பதில் இல்லை.
ஹீலியம் பில் வந்திருக்கிறது, பதினான்கு நாள் கெடு.
மேசைமேல் அதைக்
குப்புறப் போட்டு வைத்திருக்கிறேன்.
கொஞ்சம் குளிரட்டும்.